க்ளாஸ் பேரைப் பார்த்து மயங்காதே

கேரக்டர் ஷீட் கைக்கு வந்ததும் பேனா நேரா க்ளாஸ் கட்டத்துக்குப் போகுதா? எடு கையை. மனசுல ஒரு ஆளை வச்சிருக்கே. அந்த ஆள் என்ன பண்ணுவாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே க்ளாஸ் தேடுறது, குழம்பா ரசமான்னு முடிவு பண்ணாம புளியைக் கரைக்கிற மாதிரி. கொஞ்சம் பொறு. பத்து நிமிஷம் யோசிச்சா அடுத்த ஆறு மாசம் நிம்மதியா விளையாடலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை வச்சுத்தான் சொல்றேன். 2014-ல வந்த ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்குல 12 க்ளாஸ். ஆர்ட்டிஃபைசர் அப்புறம் வேற புத்தகங்கள்ல சேர்ந்தது. 2024-ல திருத்தின புத்தகம் வந்துச்சு, அதுலயும் அதே 12தான், ஆனா உள்ளே நிறைய மாத்திட்டாங்க. நான் சொல்ற கணக்கெல்லாம் 2014 புத்தகத்துப்படி. 2024 மாறுற இடத்துல தனியா சொல்றேன். உங்க டேபிள்ல எந்தப் புத்தகம்னு, விளையாட்டை நடத்துற டன்ஜன் மாஸ்டர், அதான் டிஎம்கிட்ட இன்னைக்கே கேட்டுடு. கேக்காம ராத்திரி முழுக்க ஷீட் எழுதி, மறுநாள் எல்லாத்தையும் அழிக்கிறவங்களை நிறையப் பார்த்துட்டேன்.

1. ஒரே வரியில எழுது, அந்த வரியில வேலை இருக்கணும்

"அரண்மனையை விட்டு ஓடி வந்த இளவரசி." கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் முறை வரும்போது அவ என்ன பண்ணுவா? ஓடி வந்தது முடிஞ்சுபோன விஷயம், அதைத் திரும்பப் பண்ண முடியாது. அதனால ரெண்டு கேள்விக்குப் பதில் எழுது:

- சண்டை வந்தா அவ கை என்ன செய்யும்?
- சண்டை இல்லாத நேரத்துல கூட்டத்துக்கு அவ எதுக்கு உதவுவா?

"சண்டையில பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேடயம் பிடிப்பா, மத்த நேரம் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பா." இப்பப் பாரு, பாதி வேலை முடிஞ்சுபோச்சு. ஃபைட்டர் எடு, புரொடெக்‌ஷன் சண்டை முறையை எடு, பக்கத்துல நிக்கறவங்க மேல விழுற அடியைத் தடுக்கலாம். ஃபைட்டரோட ஸ்கில் பட்டியல்லயே இன்சைட் இருக்கு, பொய் பிடிக்க அது போதும். இளவரசிங்கறது நோபிள் பேக்கிரவுண்டுல அடங்கிடும்.

2. பழைய கதையை பேக்கிரவுண்டுக்கு அனுப்பு

நிறையப் பேர் தடுமாறுறது இங்கேதான். கேரக்டர் முன்னாடி என்னவா இருந்தாங்களோ அதையே க்ளாஸா எடுத்துடுவாங்க. தெருவுல திருடிப் பிழைச்சவன் கோயில்ல அடைக்கலம் புகுந்து இப்ப காயம்பட்டவங்களைக் குணப்படுத்துறான்னு வை. இப்ப டேபிள்ல அவன் பண்ற வேலை குணப்படுத்துறது. அப்ப க்ளெரிக் எடு, பேக்கிரவுண்டுக்கு கிரிமினல் போடு. டிசெப்‌ஷன், ஸ்டெல்த் ரெண்டு ஸ்கில்லும், பூட்டுத் திறக்கிற கருவிப் பழக்கமும் அதுலயே வந்துடும். பழைய திருட்டுக் கை அப்படியே இருக்கும், அதுக்காக ஒரு லெவல் கூட இழக்க வேண்டாம்.

2024 புத்தகத்துல பேக்கிரவுண்டு இன்னும் கனம். எந்தத் திறமை எண் உயரும், முதல் ஃபீட் (கூடுதலாக் கிடைக்கிற தனித்திறன்) எதுங்கறதும் அதுலயே வருது. அவசரத்துல கண்ணை மூடிட்டு ஒண்ணு தொடாதே.

3. பேரை மறைச்சுட்டு விதியை மட்டும் படி

க்ளாஸ் பேர்ங்கறது ஒரு முத்திரை. உள்ளே என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கணும். கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நல்ல நல்ல யோசனையெல்லாம் வீணாப் போறது இந்த இடத்துலதான்.

*பார்பேரியன்.* பேரைக் கேட்டதும் தோல் உடுத்தி, மலையில இருந்து கத்திக்கிட்டே இறங்கி வர்றவன்தான் மனசுல வர்றான். விதியைப் படி. ரேஜ்ங்கற வெறியில இருக்கும்போது வெட்டு, குத்து, அடி மூணும் பாதிதான் உடம்புல ஏறும். கவசம் போடாமலே டெக்ஸ்டெரிட்டியும் கான்ஸ்டிட்யூஷனும் சேர்ந்து பாதுகாப்பு குடுக்கும். இதை எடுத்து, ஒரு பெரிய வீட்டுல காலமெல்லாம் வேலை பார்த்த, கோட்டு போட்ட வயசான பட்லருக்குக் குடு. முதலாளி வீட்டுப் பிள்ளையை யாராவது தொட்டா அவர் கத்த மாட்டார். முகம் கல்லாயிடும், என்ன அடி விழுந்தாலும் நகர மாட்டார். அவ்வளவுதான், ரேஜ். அருமையான கேரக்டர், ஒரு விதியைக்கூட மாத்தலை. ஆனா ரெண்டு விஷயம் மறக்காதே: ரேஜ்ல மந்திரம் போட முடியாது, கனமான கவசம் போட்டா ரேஜோட பலன் கிடைக்காது. உன் ஆளுக்கு இதுல ஏதாவது ஒண்ணு கட்டாயம் வேணும்னா வேற க்ளாஸ் பாரு.

*ரோக்.* "என் ஆள் பதுங்கிப் போவான், அதனால ரோக்." இதைக் கேட்டாலே எனக்கு வருத்தமா இருக்கும். 1974-ல இந்த விளையாட்டு முதல்ல வந்தப்ப மூணே க்ளாஸ்தான்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், க்ளெரிக். திருடன் 1975-ல கிரேஹாக் இணைப்புப் புத்தகத்தோடதான் வந்தான். அதுவரைக்கும் எல்லாரும்தான் பதுங்கிப் போனாங்க. இப்பவும் ஸ்டெல்த் வெறும் ஸ்கில்தான், யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

ரோக்கோட உண்மையான சொத்து, அடியோட கூடுதல் சேதம் சேர்க்கிற ஸ்னீக் அட்டாக்கும், எடுத்த ஸ்கில்லை இன்னும் கூர்மையாக்குற எக்ஸ்பர்டீஸும். ஸ்னீக் அட்டாக்குக்கு ஒளிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்லை. எதிரி பக்கத்துல 5 அடிக்குள்ள உன் கூட்டாளி நின்னாலே பெரும்பாலும் போதும். அப்ப உடம்புல எந்த இடத்துல குத்தினா ஆள் சாய்வான்னு தெரிஞ்ச ஒரு வைத்தியரை யோசிச்சுப் பாரு. ரோக், பேக்கிரவுண்டுக்கு ஹெர்மிட், அதுல மெடிசின் வரும், எக்ஸ்பர்டீஸை அதுலயே போட்டுடு. யாரும் எதிர்பார்க்காத ரோக், ஆனா விதி கச்சிதமா உட்காருது. ஒரே எச்சரிக்கை: லாவகமாப் பிடிக்கிற ஃபினெஸ் ஆயுதமோ தூர இருந்து தாக்குற ஆயுதமோ இல்லாம ஸ்னீக் அட்டாக் கிடையாது. ரெண்டு கையால தூக்குற பெரிய வாள்தான் உன் ஆளோட அடையாளம்னா ரோக் பக்கம் வராதே.

*பாலடின்.* கவசம் போட்ட வீரன்னா உடனே பாலடின் எடுக்காதே. கதையோட நடுவுல ஒரு சத்தியம் இருக்கா? அதுக்காக அவ எதையாவது இழப்பாளா? இருந்தா பாலடின். இல்லைன்னா ஃபைட்டர் போதும், கவசம் அங்கேயும் கிடைக்குது. இன்னொண்ணு, "பாலடின்னா ரொம்ப நல்லவனா இருக்கணுமே"ன்னு பயந்து விலகாதே. 1978 புத்தகத்துல லாஃபுல் குட் மனிதனா இருக்கணும், கரிஸ்மா 17 வேணும்னு கட்டுப்பாடு இருந்தது. ஐந்தாம் பதிப்புல அதெல்லாம் இல்லை. பழிவாங்குறதுக்குன்னே ஒரு சத்தியம் வச்சிருக்காங்க.

*மங்க்.* மடம் வேண்டாம். துறைமுகத்துல வெறுங்கையால சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு செய்லர் பேக்கிரவுண்டோட மங்க் விதி அழகாப் பொருந்தும்.

*க்ளெரிக்.* கோயில்ல இருக்கறவங்க எல்லாரும் க்ளெரிக் இல்லை. கோயில் சமையல்காரர் ஃபைட்டரா இருக்கலாம், அகோலைட் பேக்கிரவுண்டு எதுக்கு இருக்கு?

4. மந்திரம் எங்கிருந்து வருதுன்னு கேளு

"என் ஆளுக்கு மந்திரம் தெரியும்"னு மட்டும் சொன்னா பாதிதான் சொல்லியிருக்கே. எப்படித் தெரியும்?

- படிச்சு வந்ததுன்னா விஸார்ட். அதுக்கு இன்டெலிஜென்ஸ் வேணும்.
- பிறப்புலயே வந்ததுன்னா சோர்சரர். ஒப்பந்தம் போட்டு வாங்கினதுன்னா வார்லாக். பாட்டு, பேச்சு, கலை வழியான்னா பார்ட். மூணுக்கும் கரிஸ்மா.
- தெய்வம் குடுத்ததுன்னா க்ளெரிக், காடும் மண்ணும் குடுத்ததுன்னா ட்ரூயிட். ரெண்டுக்கும் விஸ்டம்.
- கருவி செஞ்சு அதுக்குள்ள ஏத்தினதுன்னா ஆர்ட்டிஃபைசர். இதுக்கும் இன்டெலிஜென்ஸ்தான்.

அந்தத் திறமைப் பேரையும் சேர்த்துப் பாரு, அங்கேதான் சிக்கல் ஒளிஞ்சிருக்கு. கூச்ச சுபாவம், யாரோடயும் பேசத் தெரியாது, நூலகத்துல பழைய ஏட்டைப் புரட்டிப் பேயோட ஒப்பந்தம் போட்டுட்டான். கதைப்படி வார்லாக். ஆனா வார்லாக்குக்கு கரிஸ்மாதான் உயிர். கூச்சத்தைக் காட்டணும்னு கரிஸ்மாவுக்கு 8 போட்டா மந்திரம் எதுவும் குறி தைக்காது. கரிஸ்மாவைத் தைரியமா உயர்த்திட்டு, பர்சுவேஷன் மாதிரி ஸ்கில் எதுவும் எடுக்காம விடு. உள்ளுக்குள்ள உறுதி உண்டு, பேச மட்டும் தெரியாதுன்னு ஆடலாம். அது பிடிக்கலையா? விஸார்டா எடுத்து, ஒப்பந்தத்தைக் கதையில வச்சுக்கோ.

வார்லாக் எடுக்கறவங்க டிஎம்கிட்ட இன்னொண்ணும் கேக்கணும்: "நம்ம டேபிள்ல ஷார்ட் ரெஸ்ட் எடுப்போமா?" இரண்டாம் லெவல்ல உனக்கு ரெண்டே ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகுற கணக்கு). ஒரு மணி நேர ஓய்வுல அது திரும்ப வரும்ங்கறதுதான் அந்த க்ளாஸோட கணக்கு. ஓய்வே எடுக்காம ஓடுற கூட்டத்துல வார்லாக் பாவம்.

5. எண்களோட சண்டை போடாதே

எல்லாருக்கும் குடுக்கிற எண் வரிசை 15, 14, 13, 12, 10, 8. "பலசாலி, அறிவாளி, அழகா பேசுவா, வேகமா ஓடுவா"ன்னு நாலையும் கேட்டா எங்கே போறது? ஒண்ணு பெரிசா, ஒண்ணு நடுத்தரமா எடுத்துக்கோ, ஒண்ணைக் கண்டிப்பா விட்டுக்குடு. பாலடினும் மங்க்கும் மூணு மூணு எண் கேக்கும். புதுசா வர்றவங்களுக்கு அது இறுக்கமா இருக்கும்.

6. எத்தனை அடி தாங்குவான்னு பாத்துட்டு முன்னாடி நில்லு

ஹிட் டை பார்பேரியனுக்கு 12 முகம். ஃபைட்டர், பாலடின், ரேஞ்சருக்கு 10. விஸார்டுக்கும் சோர்சரருக்கும் 6. மத்தவங்களுக்கு 8. முதல் லெவல்ல விஸார்டோட கான்ஸ்டிட்யூஷன் போனஸ் 1-ன்னா மொத்த உயிர் 7. 2014 மான்ஸ்டர் மேனுவல்ல வர்ற சாதாரண ஆர்க் கோடாரியை வீசினா சராசரி அடி 9. அப்ப "என் விஸார்ட் பயமே இல்லாம முதல்ல குதிப்பா"ன்னு எழுதினியே, அவ முதல் அறையிலயே படுத்துடுவா. பயமில்லாத மந்திரக்காரிதான் வேணும்னா, கனக் கவசம் போட விடுற டொமைன்ல (க்ளெரிக்கோட உட்பிரிவு) க்ளெரிக் எடு, இல்லைன்னா மந்திரம் கத்துக்கற ஃபைட்டர் எடு. அதைப் பத்திக் கீழே சொல்றேன்.

7. அந்த ஆள் எந்த லெவல்ல கண் திறப்பான்?

இதை யாரும் கேக்கறதே இல்லை, கோபமா வருது. ஓநாயோட திரியற வேட்டைக்காரி வேணும்னு ரேஞ்சர் எடுப்பாங்க. அந்தத் துணை விலங்கு மூணாவது லெவல்லதான் வரும். முதல் ரெண்டு லெவல் ஓநாய் எங்கே? 2014 புத்தகத்துல க்ளெரிக், சோர்சரர், வார்லாக் மூணும் முதல் லெவல்லயே சப்க்ளாஸ் (க்ளாஸுக்குள்ள தேர்ந்தெடுக்கிற உட்பிரிவு) எடுக்கும், ட்ரூயிடும் விஸார்டும் இரண்டுல, மத்ததெல்லாம் மூணுல. 2024-ல எல்லாருக்கும் மூணுதான். உன் ஆளோட உயிரே சப்க்ளாஸ்லதான் இருக்குன்னா, டிஎம்கிட்ட மூணாவது லெவல்ல ஆரம்பிக்கலாமான்னு கேளு. முடியாதுன்னா அந்த ரெண்டு லெவலையும் கதையாக்கிடு: ஓநாய் இன்னும் குட்டி, ஊர்ல வளருது.

பதினேழாவது லெவல்ல கிடைக்கிற ஒரு சக்திக்காக க்ளாஸ் எடுக்காதே. அதுவரைக்கும் அந்த விளையாட்டு ஓடுமான்னு முதல்ல பாரு.

8. மல்டிக்ளாஸ் கடைசி வழி

"பாதி வீரன், பாதி மந்திரவாதி"ன்னதும் ரெண்டு க்ளாஸையும் கலக்கத் தோணும். வேண்டாம் கண்ணு. காரணம் கேளு. ஐந்தாவது லெவல்ல ஃபைட்டருக்கு ஒரே முறையில ரெண்டு தாக்குதல். விஸார்டுக்கு அதே லெவல்ல மூணாம் நிலை மந்திரம், ஃபயர்பால் எல்லாம் அங்கேதான். மூணு லெவல் ஃபைட்டர், ரெண்டு லெவல் விஸார்ட்னு பிரிச்சா இதுவும் இல்லை, அதுவும் இல்லை. கூட இருக்கறவங்க எல்லாம் வளர்ந்து நிப்பாங்க, நீ மட்டும் பழைய இடத்துலயே இருப்பே. போதாததுக்கு ரெண்டு க்ளாஸுக்கும் வேண்டிய திறமையில 13 இருக்கணும்.

கலக்கறதுக்கு முன்னாடி இந்த வரிசையில தேடு:

- முதல்ல சப்க்ளாஸ். எல்ட்ரிச் நைட் மந்திரம் போடுற ஃபைட்டர், ஆர்கேன் டிரிக்ஸ்டர் மந்திரம் போடுற ரோக். ரெண்டும் மூணாவது லெவல்லயே கிடைக்கும்.
- அடுத்து ஃபீட். மேஜிக் இனிஷியேட் எடுத்தா ரெண்டு கேன்ட்ரிப் (எத்தனை தடவை வேணும்னாலும் போடுற சின்ன மந்திரம்), ஒரு முதல் நிலை மந்திரம். கொஞ்சமா மந்திரம் தெரிஞ்ச ஆளுக்கு இதுவே நிறைய.
- அப்புறம் பேக்கிரவுண்டு.
- எதுவுமே ஒத்துவரலைன்னா மல்டிக்ளாஸ், அதுவும் டிஎம் ஒத்துக்கிட்டா.

9. உனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?

ஆபீஸ், வீடு, குழந்தைன்னு ஓடிட்டு வாரம் ஒரு நாள் வந்து உட்கார்றவளா நீ? அப்ப உண்மையைச் சொல்லிக்கோ. விஸார்ட் ஆறு மந்திரத்தோட ஆரம்பிப்பா, லெவலுக்கு ரெண்டு ஏறும், தினமும் எதைத் தயார் பண்றதுன்னு வேற முடிவு பண்ணணும். ட்ரூயிட் மிருகமா மாறினா அந்த மிருகத்தோட எண்ணெல்லாம் கையில இருக்கணும். வீட்டுல படிச்சுட்டு வர நேரம் இல்லாதவங்க இதை எடுத்தா, ஒவ்வொரு முறையும் புத்தகம் புரட்டி எல்லாரையும் காக்க வைப்பாங்க.

நேரம் இல்லையா, சாம்பியன் ஃபைட்டர் எடு. இருபது மட்டும் இல்லாம பத்தொன்பது விழுந்தாலும் கிரிட்டிகல், நினைவு வச்சுக்க வேண்டியது கொஞ்சம்தான். எளிமையான க்ளாஸ்னா கேரக்டரும் எளிமையா இருக்கும்னு யார் சொன்னது? கணக்கு குறைஞ்சா பேச நேரம் கிடைக்கும். மந்திரம் இல்லாம முடியாதுன்னா வார்லாக், இல்லைன்னா சோர்சரர். மந்திரங்கள் கொஞ்சம், ஒரு அட்டையில எழுதி வச்சுக்கலாம்.

புத்தகம் முழுக்கப் படிக்கவும் முடியலையா? விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இலவசமா வெளியிட்ட 2014 அடிப்படை விதிகள்ல ஃபைட்டர், ரோக், க்ளெரிக், விஸார்ட் நாலும் இருக்கு. அந்த நாலுல உன் ஆள் அடங்குதான்னு பாரு. பெரும்பாலும் அடங்கிடும்.

10. "ஹீலர் யாரும் இல்லை, நீ எடு"ன்னா தலையாட்டாதே

கடைசியா வந்தவ தலையில க்ளெரிக்கைக் கட்டுறது ரொம்ப நாள் கெட்ட பழக்கம். பார்ட், ட்ரூயிட் ரெண்டு பேரும் முதல் லெவல்லயே குணப்படுத்துவாங்க. பாலடின் லெவலுக்கு 5 வீதம் கையால தொட்டே உயிர் குடுக்கலாம். உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கிட்டு, குணப்படுத்துற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் பகிர்ந்துக்கோங்க. கட்டாயத்துல எடுத்தவ ஒரு மாசத்துல செஷனுக்கு வர்றதையே நிறுத்திடுவா, பார்த்திருக்கேன்.

அதுக்காகத் தனியாத் திரியற, யாரையும் நம்பாத ஆளைக் கொண்டு வந்து உட்காராதே. எந்த க்ளாஸ் எடுத்தாலும் அந்த ஆளால கூட்டத்துல விளையாட முடியாது.

11. தோற்றத்தை மாத்து, எண்ணை மாத்தாதே

விஸார்டோட ஸ்பெல்புக் புத்தகமாத்தான் இருக்கணுமா? முடிச்சுப் போட்ட கயிறா இருக்கட்டும். பார்டுக்குப் பாடவே வராதா? படைத்தளபதி மாதிரி நாலு வார்த்தை சொல்லித் தெம்பு குடுக்கட்டும். அடி, தூரம், மந்திர வகை எல்லாம் புத்தகத்துல இருக்கிறபடியே இருந்தா பெரும்பாலான டிஎம் சம்மதிப்பாங்க. நெருப்பு மந்திரத்தைப் பனின்னு சொல்ல ஆரம்பிச்சா விதி மாறுது. நெருப்புக்கு அசராத பூதம் பனிக்கு விழுந்துடும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கணும், நடுச் சண்டையில கேக்கக் கூடாது.

12. எதுலயுமே அடங்கலையா?

உன் ஆள்மேல தப்பில்லை, விளையாட்டு வேறயா இருக்கலாம். 1981-ல வந்த கால் ஆஃப் துலூவுல க்ளாஸே கிடையாது. தொழில் ஒண்ணு எடுத்து ஸ்கில்களுக்குப் புள்ளி பிரிச்சுக்கலாம். பத்திரிகைக்காரி, பேராசிரியர் மாதிரி ஆட்களுக்கு அது சரியான இடம். 1986-ல வந்த கர்ப்ஸும் க்ளாஸ் இல்லாததுதான், புள்ளிகளைச் செலவு பண்ணி ஆளை நீயே கட்டிக்கலாம்.

13. ரெண்டு செஷன் ஆடிட்டுப் பிடிக்கலைன்னா

மூணாவது லெவலுக்கு முன்னாடியே டிஎம்கிட்ட சொல்லிடு. ஆளை அப்படியே வச்சுக்கிட்டு க்ளாஸை மட்டும் மாத்தித்தரச் சொல்லு, பேரும் கதையும் மாற வேண்டாம். செஷன் நடுவுல முகத்தைத் தூக்கி வச்சுக்காதே. ரெண்டு நாள் முன்னாடி ஒரு மெசேஜ் போடு, புது ஷீட்டை எழுதித் தயாரா எடுத்துட்டுப் போ.